தொட்டிலுக்கு ஒரு பழம்பெயர்

பிள்ளைக்குப் பெயர் வைப்பது எளிய காரியம் என்று எண்ணுவோர், இன்னும் பிள்ளை பெறாதவர்களாகவே இருத்தல் வேண்டும். வீட்டில் ஆண்மகவு பிறந்த செய்தி பரவிய மறுநாளே மற்றக் கவலைகளெல்லாம் பின்னே தள்ளப்பட்டுப் பெயர்க் கவலை முன்னே வந்து அமர்ந்துகொள்கிறது. உற்றாரும் மற்றாரும் ஆளுக்கொரு பெயரோடு வருகின்றனர். எவர் கொண்டுவந்த பெயரை விலக்கினாலும் அவருக்கு மனத்தாங்கல்.

கொஸ்லந்த வட்டாரத்துத் தோட்டங்களில் இக்கவலைக்குத் தனியானதொரு நிறம் உண்டு. பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பெருவீதியில், 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியை எட்டுவதற்குச் சற்று முன்னே இருப்பது இவ்வூர். சுற்றிலும் தேயிலை மலைகள். அங்குள்ள லயங்களில் ஒரு பேரப்பிள்ளை பிறந்தால் நிகழும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்:

"தாத்தா பேரு பெரியகருப்பன். மூத்த பேரனுக்கு அந்தப் பேரைத்தான் வைக்கணும்" என்பார் அப்பாயி.

"வேணாம்மா, ஸ்கூல்ல புள்ளைங்க சிரிக்கும்" என்பான் பிள்ளையின் தகப்பன்.

தாய் வாய் திறவாள். அவள் மனத்திலே தொலைக்காட்சியில் கேட்ட பெயரொன்று, ஷகரமும் க்ஷகரமும் விரவியதாய், ஏற்கெனவே குடியேறியிருக்கும். இறுதியில் எவரேனும் ஒருவர் தோட்டப் பாடசாலை ஆசிரியரிடம் போய், "பழைய தமிழ்ப் பேரா, ஆனா இந்தத் தோட்டத்துல யாரும் வைக்காத பேரா ஒண்ணு சொல்லுங்க மாஸ்டர்" என்று கேட்பார். இக்கட்டுரை அந்த மாஸ்டருக்கு ஒரு சிறு துணையாக எழுதப்படுவது.

முதற்கண், அப்பாயியின் கட்சியை எளிதில் தள்ளிவிடக் கூடாது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதற்கென்றே மொழி ஒரு சொல்லை ஆக்கி வைத்திருக்கும்போது, அதை விட்டொழி என்று ஒரு மூதாட்டியிடம் கூறுவது சிறிது துணிச்சலான செயலே.

அன்றியும், பெரியகருப்பன், சடையன், வீரன், காத்தான், சங்கிலி, மருதை, மூக்கன், குப்பன், பிச்சை என்ற பெயர்கள் வெறும் பட்டிக்காட்டுப் பெயர்கள் அல்ல. கடல் கடந்து, காடு கடந்து, கால்நடையாய் இம்மலைகளை ஏறி வந்தவர்கள் தம்மோடு கொண்டுவந்த உடைமைகளுள் விலை மதிக்க முடியாதவை அவை. கருப்பனும் வீரனும் காத்தவராயனும் ஊர் காக்கும் தெய்வங்கள். அத்தெய்வங்களைப் பின்னே விட்டு வர மனமில்லாதவர்கள் பிள்ளைகளின் பெயரிலே அவற்றைச் சுமந்து வந்தனர். வந்த இடத்திலும் அவர்களுடைய கற்பனை ஓய்ந்துவிடவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ஒரு காவல் தெய்வம் வேண்டியிருந்தபோது 'ரோதைமுனி' பிறந்தார். கவ்வாத்து வெட்டும் மலைக்குக் 'கவ்வாத்துச்சாமி' பிறந்தார். பெயரிடும் ஆற்றலில் நம் மக்கள் என்றும் வறியரல்லர்.

குப்பன், பிச்சை, மூக்கன் என்பவற்றின் கதை வேறு. முன் பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையிலே ஒரு கணம் கிடத்தி எடுத்துக் 'குப்பன்' என்றும், அயலாரிடம் தவிட்டுக்கோ நெல்லுக்கோ கொடுத்து மீளப் பெற்றுப் 'பிச்சை' என்றும், மூக்குக் குத்தி 'மூக்கன்' என்றும் அழைப்பது வழக்கம். இழிந்த பொருளென்று கருதி எமன் திரும்பிப் பாராமல் போவான் என்பது நம்பிக்கை. இப்பெயர்களைக் கேட்டு வகுப்பறையில் நகைக்கும் மாணவர்கள், அவற்றின் பின்னே எத்தனை தொட்டில்கள் வெறுமையாயின என்பதை அறியார்கள். ஆசிரியர்கள் ஒருமுறை அதைச் சொல்லிக் கொடுத்தால் நகைப்பு அடங்கிவிடும்.

ஆயினும் தகப்பனின் அச்சமும் பொய்யன்று. இம்மலைநாட்டிலே பெயர் என்பது அழைப்பதற்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பழைய துரைமார் எழுதிய நூல்கள் பலவற்றைப் புரட்டினால், தொழிலாளி எவனாயினும் அவன் பெயர் 'ராமசாமி' என்றே இருக்கக் காணலாம். ஆயிரம் பேருக்கு ஒரே பெயர்! பெற்றவர்கள் தேடித் தேடி வைத்த பெயரை ஒருவன் பெரட்டுக் களத்திலே இழந்து நின்றான். செக்ரோலில் எழுதியவர்களோ காதில் விழுந்தபடி எழுதினர். கருப்பன், கறுப்பன், கருப்பென் என்று ஒரே மனிதன் மூவராகப் பிரிந்தான்.

இதனால் விளைந்த கேடு சிறிதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெருந்தொகையினரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கோரி விண்ணப்பித்தவர்கள், தாம் இன்னார், இத்தனை காலம் இந்நாட்டில் இருந்தோம் என்பதைத் தாள்களைக் கொண்டு நிறுவ வேண்டியிருந்தது. விண்ணப்பித்தோருள் பெரும்பாலார் மறுக்கப்பட்டனர். ஒரு தாளில் ஒரு பெயரும் மறு தாளில் வேறு பெயருமாக நிற்பவன் தன்னைத் தானே நிறுவுவது எங்ஙனம்? அந்தப் பெருந்துயரத்துக்குச் சட்டம் ஓரளவேனும் முடிவு காண 1988, 2003 ஆகிய ஆண்டுகள் வரை காத்திருக்க நேர்ந்தது.

அண்மைக் காலத்து நினைவொன்றும் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. புதையுண்டோர் எத்தனை பேர் என்று முதல் நாட்களில் கூறப்பட்ட தொகை மாறி மாறி வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீடுகளோடு, அவ்வீடுகளின் பெட்டிகளில் இருந்த பத்திரங்களும் மண்ணுள் போயின. அத்தகைய வேளையில், வீட்டில் ஒரு பெயரும் பதிவில் ஒரு பெயரும் பாடசாலையில் இன்னொரு பெயரும் உடையவரின் உறவினர் படும் பாட்டை எண்ணிப் பார்த்தல் நன்று. பெயர் அழகாக இருந்தால் மட்டும் போதாது, எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கவும் வேண்டும்.

ஆகவே, பழம்பெயர் ஒன்றைத் தேடும் பெற்றோர் பொருளைப் பார்க்குமுன் அதன் ஓசையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து. ஊவா மாகாணத்துப் பிள்ளை மூன்று மொழிகளின் நடுவே வளர்கிறது. அதன் பெயர் தமிழில் பிறந்து, சிங்கள எழுத்தில் நடந்து, ஆங்கில எழுத்தில் கடவுச்சீட்டு ஏறும். இடையில் கால் ஒடியாமல் இருக்க வேண்டாமா?

எழிலன் என்ற பெயரைப் பாருங்கள். இனிமையான பெயர்தான். சிங்களத்தில் ழகரம் இல்லை. ளகரத்தைக் கொண்டு எழுதுவர். அந்த ளகரமும் அவர்கள் பேச்சில் லகரத்தோடு ஒன்றிவிட்டது. சிங்களத்தில் எழுதியதைப் பின்னர் ஒருவர் தமிழுக்குத் திருப்பும்போது எழிலன் 'எலிலன்' ஆகி வெளிவருவான். அழகன் என்று பெயரிட்ட பிள்ளைக்கு எலி என்ற முன்னெழுத்து! மாறன் என்பது பாண்டியரின் தொன்மையான பெயர். நாயன்மாருள்ளும் இளையான்குடி மாறனார் உண்டு. ஆனால் சிங்களத்தில் றகரமும் ரகரமும் ஒன்றே. மாறன் 'மாரன்' ஆவான். தமிழில் மாரன் மன்மதன் என்றால், பௌத்தர்களுக்கு மாரன் என்பவன் புத்தபிரானின் தவத்தைக் கெடுக்க வந்தவன். ஆங்கில எழுத்தில் எழுதி எவரேனும் குறிலாக வாசித்தால் மரணத்தின் அண்டை வீட்டுக்கே பெயர் போய்விடும்.

இதற்காக ழகரத்தையும் றகரத்தையும் துறந்துவிட வேண்டும் என்று யாம் கூறவில்லை. தெரிந்து வைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். சில பெயர்கள் திரிந்தாலும் நலம் குன்றுவதில்லை. சோழ வேந்தரைக் குறிக்கும் 'வளவன்' என்ற பெயர், ளகரம் தேய்ந்து 'வலவன்' ஆனாலும், வல்லவன், தேர் செலுத்துவோன் என்று பொருள்பட்டுத் தலைநிமிர்ந்தே நிற்கும். 'கந்தவேள்' என்பது 'கந்தவேல்' ஆனாலும் முருகனை விட்டு அகல்வதில்லை. மேலும், சிங்களத்தில் 'கந்த' என்பது மலையைக் குறிக்கும். தமிழ்க் காதுக்கு முருகனாகவும் சிங்களக் காதுக்கு மலையாகவும் ஒலிக்கும் பெயர் மலைநாட்டுப் பிள்ளைக்குப் பொருந்தாமற் போகுமா?

இனி, பெயர்கள் இருக்கும் இடத்துக்கு வருவோம். கொஸ்லந்தையில் வாழ்வோருக்கு மிக அருகில் உள்ள பெயர் பாரி என்பேன். காரணம் கேட்பீர்களாயின், ஊர்ப் பெயரையே சான்றாகக் காட்டலாம். சிங்களத்தில் 'கொஸ்' என்பது பலா. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, அவன் நண்பராகிய கபிலர், உழவர் உழாமலே அம்மலை தரும் விளைவு நான்கு என்று எண்ணிக் கூறினார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. உணவு அற்றுப்போகும் என்று காத்திருப்பது வீண் என்று பகைவருக்கு அவர் உரைத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. பலாவும் தேனும் உள்ள மலையிலே பிறந்த பிள்ளைக்குப் பாரி என்ற பெயர் இரவல் ஆகாது. எழுதவும் எளிது. ஆங்கிலத்தில் மட்டும் அகரத்தை இரட்டித்து எழுதிக்கொள்ளுங்கள். இன்றேல் அது பரியாகிக் குதிரை ஓடிவிடும்.

உண்மையில், கடையெழு வள்ளல்கள் என்று போற்றப்படுவோர் பெரும்பாலும் மலைநாட்டுத் தலைவர்களே. ஓரி கொல்லி மலைக்கு உரியவன். காரி முள்ளூர் மலைக்கு உரியவன். பேகன் பழனியாகிய பொதினியைச் சார்ந்தவன். ஆய் பொதியமலைத் தலைவன். நள்ளியும் மலைநாடனே. அதியமான் தகடூரை ஆண்டவன். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் இவனே. இவர்களுள் அதியன் என்ற பெயர் அரிதாய் இருப்பினும் செவிக்கு இனிது. ஏனையோரிடம் சற்றுக் கவனம் தேவை. நள்ளி என்றால் பள்ளித் தோழர்கள் எலும்புக் குழம்பை நினைப்பர். ஆய் என்று பெயரிட எந்தத் தாயும் ஒப்பாள். காரணம் தொட்டில் உள்ள வீட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை.

எழுவருக்கும் பின்னே வந்த குமணனை விட்டுவிடக் கூடாது. அவனும் முதிரமலைக்குத் தலைவன். தம்பியால் நாடிழந்து காட்டில் இருந்த வேளையில் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் பரிசில் வேண்டி வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை. தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருக்கிறான் என்பதால், தலையைக் கொய்துகொண்டு போகுமாறு வாளை எடுத்துக் கொடுத்தான். இப்படிப்பட்டவனுடைய பெயர் ஏன் இத்தனை அரிதாயிற்று என்பது எமக்கு விளங்காத புதிர். கிழக்குக் கரையிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார்கள் கடந்து செல்லும் காட்டுக்கும் குமண என்று பெயர். ஓசை ஒற்றுமை மட்டுமே. வேறு உறவு கற்பிக்க வேண்டாம்.

கதிர்காமத்தைச் சொன்னோம். கொஸ்லந்தையிலிருந்து கீழே இறங்கி வெல்லவாய வழியாகச் சென்றால் எட்டிவிடும் தலம் அது. ஊவா மாகாணத்துக்கே உரிய தலம். கதிரேசன், கதிர்வேல் என்ற பெயர்கள் நம் தோட்டங்களில் நிறைய உண்டு. 'கதிர்காமன்' என்று நேராகவே பெயரிட்டவர் சிலரே. முருகனுக்கு உரிய பழம்பெயர்களில் எமக்கு மிகவும் பிடித்தது 'சேந்தன்'. சிவந்தவன் என்பது பொருள். பாண்டியருள் ஒரு சேந்தன் இருந்தான். திவாகர நிகண்டைச் செய்வித்த அம்பர்ச் சேந்தனின் பெயராலே அந்நூல் 'சேந்தன் திவாகரம்' என்று வழங்குகிறது. திருப்பல்லாண்டு பாடியவர் சேந்தனார். அரசனும் புரவலனும் அடியாரும் தாங்கிய பெயர். எந்த எழுத்தில் எழுதினாலும் கால் ஒடியாத பெயர். தகப்பனும் அப்பாயியும் ஒருங்கே தலையசைக்கக் கூடிய பெயரென்று துணிந்து கூறலாம்.

இலக்கணத்தைத் திறந்தால் இன்னொரு களஞ்சியம். குறிஞ்சி நிலத் தலைவனைப் பொருப்பன், வெற்பன், சிலம்பன் என்று அழைப்பது மரபு. மூன்றும் மலைக்குரியவன் என்ற பொருளன. வெற்பன் என்பதில் வல்லின றகரம் நிற்பதால் பிற மொழி எழுத்துக்களில் அல்லற்படும். சிலம்பன் அப்படியன்று. சிலம்பம் சுழற்றும் இளைஞர்கள் உள்ள தோட்டத்தில் அப்பெயருடைய சிறுவனை எவரும் கேலி செய்ய முன்வரார்.

நாயன்மார் வரலாற்றிலும் பெயரிடும் கலையைக் கற்கலாம். வேடர் தலைவன் நாகன், பிறந்த மகனைத் தூக்கியபோது கைக்குத் திண்ணென்று கனத்தான். ஆகவே 'திண்ணன்' என்றான். பிற்காலத்தில் கண்ணப்பர் ஆனவர் அவரே. பஞ்சாங்கமும் பார்க்கவில்லை, எண்ணும் கூட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிப் பார்த்துப் பெயர் வைத்தான் அந்தத் தந்தை! திண்ணன் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் முதற்பகுதி மெலிந்தவன் என்று பொருள்படும் சொல்லாய் நிற்பது ஒரு வேடிக்கை. திங்களூர் அப்பூதியடிகளோ, தாம் கண்டிராத திருநாவுக்கரசரின் மேல் கொண்ட அன்பினால் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்றும், தண்ணீர்ப் பந்தலுக்கும் அளவு கருவிகளுக்கும்கூட அதே பெயரை இட்டார். அந்த நாவுக்கரசருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். கேட்கவே உள்ளம் குளிர்கிறது. ஆயினும் இக்காலத்து விண்ணப்பப் படிவங்களின் சிறு கட்டங்களுக்குள் அடங்குவது கடினம்.

நம் நாட்டுக்கே உரிய மிகப் பழைய தமிழ்ப் புலவர் பெயர் ஒன்று உண்டு. ஈழத்துப் பூதன்தேவனார் பாடிய ஏழு பாடல்கள் அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகிய தொகைகளில் உள்ளன. பூதன் என்ற பெயரை இன்று வைக்க இயலாது. சாத்தன் என்ற பெயருக்கும் அதே கதி. ஒரு கால் கூடினால் சாத்தான் ஆகிவிடுகிறது. சொற்களுக்கும் நல்ல காலம், கெட்ட காலம் உண்டு போலும். தேவன் மட்டும் பிழைத்தான்.

அரிய பெயர் என்றும் அரியதாகவே இருக்கும் என்று எண்ணவும் வேண்டாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950களில் தொடராக வெளிவந்தபோது, ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் கிடந்த அருள்மொழி என்ற பெயர் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்தவர்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டனர். நாளை எவரேனும் சேந்தனைத் தலைவனாக வைத்துத் திரைப்படம் எடுத்துவிட்டால் வகுப்புக்கு நான்கு சேந்தன் இருப்பர். அதைத் தடுக்க வழியில்லை.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சாங்கத்தில் பூரத்துக்கு மோ, ட, டி, டு என்றும், பரணிக்கு லி, லு, லே, லோ என்றும் கண்டு திகைப்போர் பலர். டகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா என்பது தொல்காப்பியர் காலத்து விதி. இந்த எழுத்துக்களை நெருக்கிப் பிடித்ததன் விளைவே பொருள் அறிய முடியாத பல புதுப் பெயர்கள். பூரத்துக்கு மோகனோ, பரணிக்கு லோகநாதனோ போதும். மற்ற நட்சத்திரங்களுக்கு அத்தனை இடர் இல்லை. அசுவினியின் 'சே' சேந்தனுக்கும், உரோகிணியின் 'வ' வளவனுக்கும், திருவாதிரையின் 'கு' குமணனுக்கும், உத்திரத்தின் 'ப' பாரிக்கும், விசாகத்தின் 'தி' திண்ணனுக்கும் இடம் கொடுக்கும். ஆங்கில எழுத்தொன்றைக் கூட்டி அதிர்ஷ்டம் சேர்க்கும் எண்சாத்திரத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கூட்டிய அந்த எழுத்து அடையாள அட்டையில் ஏறாமற் போனால் அதிர்ஷ்டத்தைத் தேடி எத்தனை காரியாலயம் ஏறி இறங்க வேண்டும்!

அப்பாயியின் பெரியகருப்பனுக்கு என்ன வழி? தொட்டிலில் இடும் நாளன்று காதிலே அப்பெயரையும் ஓதிவிடுங்கள். வீட்டில் அப்படியே அழைக்கட்டும். ஆனால் முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது வீட்டுப் பெயரைச் சொல்லிச் சேர்த்துவிடாதீர்கள். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் வயதில்தான் பிறப்புப் பத்திரத்தில் வேறு பெயர் இருப்பது பலருக்குத் தெரியவருகிறது. சத்தியக் கடதாசிக்கும் பிரயாணத்துக்கும் ஆகும் செலவை நாட்கூலிக் குடும்பங்கள் அறியும்.

பிறப்பைப் பதிவதற்கு 42 நாட்கள் உண்டு; அதற்குள் பெயர் முடிவாகிவிட வேண்டும். பதிவாளரிடம் போகும்போது பெயரை வாயால் சொல்வதோடு நில்லாமல், ஒரு துண்டுத் தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். சிங்களம் அறிந்த அயலவர் ஒருவரிடம் முன்னரே கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னால், காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். நம் வழக்கத்தில் தந்தை பெயர் முன்னே வருவதால் அதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் அடையாள அட்டையில் உள்ள எழுத்தின்படியே எழுதுங்கள். பதிவாளர் எழுதி முடித்தபின், கையொப்பம் இடுமுன், எழுத்தெழுத்தாக ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். பின்னால் வரிசை நீண்டிருந்தாலும் கேளுங்கள்.